அரசு மருத்துவமனை இணையதளம் ஸ்கிரீன் ரீடரில் இயங்கவில்லை: புகாரை எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் துணையோடு கணினி பயன்படுத்துகிறேன். மாநில அரசு மருத்துவமனை ஒன்றின் இணையதளத்தில் புறநோயாளி முன்பதிவு செய்ய முடியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவையும் படிக்க முடியவில்லை. கேட்டால், "வீட்டில் யாரையாவது போட்டுத் தரச் சொல்லுங்கள்" என்கிறார்கள். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. அவர்கள் சொன்ன பதில் சட்டப்படி எடுபடாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 42-வது பிரிவு, மின்னணு ஊடகத்தில் உள்ளவை அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. விதிகள் வெளியானதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் சேவைகளைச் சரிசெய்ய 46-வது பிரிவு கெடு வைத்தது. விதிகள் வந்தது 2017-இல். கெடு 2019-லேயே முடிந்துவிட்டது. டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21-வது பிரிவில் (வாழ்வுரிமை) அடங்கும் என்று பிரக்யா பிரசூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லியிருக்கிறது. அது கேஒய்சி (வங்கி போன்றவற்றில் வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) தொடர்பான வழக்குதான் என்றாலும், அதன் அடிப்படை உங்களுக்கும் பொருந்தும்.

அணுகல் தரங்களைச் சொல்வது அந்த 2017 விதிகளின் 15-வது விதி. "15-வது விதியைத்தான் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று சொல்லிவிட்டதே" என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். ரஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் 15(1) விதி செல்லாமல் போனது, கட்டாயமாக இருக்க வேண்டிய தரங்களை அது வெறும் பரிந்துரையாக வைத்திருந்ததால்தான். ஆகவே அந்தத் தீர்ப்பு உங்களுக்கே சாதகம்.

வழக்கின் பலம் ஆதாரத்தில் இருக்கிறது. "தளம் பயன்படவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதினால், "சரிபார்த்தோம், இயங்குகிறது" என்ற ஒற்றை வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு தடையையும் தனித்தனியாக எழுதுங்கள்: பக்க முகவரி, தேதி, நேரம், பிரவுசர், ஸ்கிரீன் ரீடரின் பெயரும் பதிப்பும், அழுத்திய விசை, காதில் விழுந்தது. உதாரணமாக, "தேதிப் பெட்டிக்கு டேப் விசையில் வந்தேன், 'எடிட், பிளாங்க்' என்று மட்டும் கேட்டது. காலண்டர் மவுஸ் இல்லாமல் திறக்கவில்லை. கேப்ட்சா (மனிதர்தானா என்று சோதிக்கும் எழுத்துகள்) படமாக மட்டுமே இருக்கிறது, ஒலி மாற்று இல்லை." ஒவ்வொன்றுக்கும் ஒலியோடு ஒரு திரைப்பதிவு எடுத்து வையுங்கள்.

பி.டி.எஃப். கோப்பில் எதுவுமே வாசிக்கப்படவில்லையென்றால் அது பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். தமிழ் அறிவிப்பு பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கேட்டால், யூனிகோடு அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். முன்னதற்கு, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் மூலம் உரையாக்க வேண்டும். பின்னதற்கு யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். கோரிக்கையில் இதைப் பிரித்தே கேளுங்கள். தரமாக, இந்திய அரசு இணையதள வழிகாட்டுதல்களின் 3.0 பதிப்பையும், இணைய அணுகலுக்கான சர்வதேசத் தரமான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1, ஏ.ஏ. நிலையையும் குறிப்பிடுங்கள். மேல் மூலையில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் வைத்திருப்பதைப் பெருமையாகக் காட்டுவார்கள்; இந்தத் தடைகளில் ஒன்றைக்கூட அது நீக்காது.

முதலில் மருத்துவமனைத் தலைமைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பலர் 23-வது பிரிவின்படி குறைதீர் அலுவலரிடம் போய் நாளைக் கழிக்கிறார்கள்; அது பணியாளர் குறைகளுக்கானது. நீங்கள் போக வேண்டியது 80-வது பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம். மத்திய அரசு மருத்துவமனை என்றால் தலைமை ஆணையரிடம், 75-வது பிரிவு. ஆணையர் ஆவணங்களை வரவழைக்கலாம். அவர் பரிந்துரைத்தால் மருத்துவமனை மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆனாலும் அது பரிந்துரைதான். அசையாவிட்டால் அரசமைப்பின் 226-வது பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 89-வது பிரிவில் முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதன் பின்னால் ஓட வேண்டாம், அபராதம் கட்டியதால் தளம் சரியாகிவிடாது.

இதற்கிடையில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு நகல்கள் கேளுங்கள்: தளத்தின் கடைசி அணுகல் தணிக்கை அறிக்கை, தளத்தை உருவாக்கிய நிறுவனத்துடனான ஒப்பந்தம். அணுகல் நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால் நிறுவனத்தைத் திருத்தச் சொல்லத் துறைக்கு வழி இருக்கிறது; இல்லையென்றால் அந்த ஒப்பந்தமே உங்கள் ஆதாரம்.

தொலைபேசியில் முன்பதிவு, மின்னஞ்சலில் உரை வடிவ அறிக்கை ஆகியவற்றை இடைக்கால ஏற்பாடாகக் கேட்கலாம். மனுவில் "தளம் திருத்தப்படும் வரை மட்டும்" என்ற சொற்கள் கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்து, குறை தீர்ந்ததாக எழுதிவிடுவார்கள்.