தீக்காலத்துக்கு முந்தைய வேலை

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். வனத்துறையில் வனவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆறு தீக்காலம் நின்றிருக்கிறேன். இப்போது கோட்ட அலுவலகத்துக்கு வந்து காட்டுத்தீப் பயிற்சியையும் கட்டுப்பாட்டு அறையையும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கூட வேலை செய்பவர்கள், "நெருப்புக்குப் பயந்து ஃபேன் காத்துக்குப் போறான்" என்கிறார்கள். ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பாவோ, "காட்டு வேலைன்னு போயிட்டு ஃபைல் பாக்கப் போறியா?" என்று கேட்கிறார். நீங்கள் பல வருடம் இதே பணியில் இருந்தவர். போகலாமா? போனால் எதில் தொடங்குவது? பதவி உயர்வுக்கு இது தடையாகுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)


அன்புள்ள தம்பிக்கு,

போங்கள். ஆறு தீக்காலம் மலையில் நின்றவர் அந்த நாற்காலிக்கு வருவது அபூர்வம். வனவரின் சீருடையோடு உள்ளே போய் உட்காருங்கள். கூட இருப்பவர்கள் பேசுவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மார்ச்சில் மலைமேல் நிற்கும்போது உங்கள் குரலுக்காகத்தான் அவர்கள் வாக்கிடாக்கியைக் காதில் வைத்திருப்பார்கள்.

2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் நடந்தது உங்களுக்குத் தெரியும். மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நம் சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அப்படி ஒரு மாலையில் முதலில் வேண்டியது சில பதில்கள். மேலே மொத்தம் எத்தனை பேர்? எந்த வழியாக ஏறினார்கள்? எந்த வழியாக இறங்குவதாகச் சொன்னார்கள்? கடைசியாகப் பார்த்தது யார்? இந்தப் பதில்கள் புகை கிளம்பிய பிறகு கிடைக்காது. காலையிலேயே ஒரு நோட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த நோட்டை எழுத வைப்பதுதான் உங்களுடைய புதிய வேலை.

பயிற்சி பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் மான் கல்ச் என்று ஒரு பள்ளத்தாக்கு. 1949 ஆகஸ்ட் 5 அன்று, பாராசூட்டில் இறங்கித் தீயணைக்கும் குழு ஒன்றைப் புல்வெளித் தீ கீழிருந்து துரத்திக்கொண்டு வந்தது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்தார். அது எரிந்து கரிந்த இடத்துக்குள் வந்துவிடும்படி எல்லாரையும் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை, மேட்டைப் பார்த்து ஓடினார்கள். அன்று 13 பேர் இறந்தார்கள். சாம்பலில் குப்புறப் படுத்த டாட்ஜ் பிழைத்தார். அவர் சொன்னது சரி. ஆனால் அதை அந்தப் பிள்ளைகள் அதற்கு முன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பழகாத ஓர் உத்தரவை, தீ முதுகில் சுடும் நேரத்தில் எப்படி நம்புவார்கள்? வகுப்பில் படம் போட்டுக் காட்டியதைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பதைப் பலகையில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சரிவில் அவர்களை ஏறவிட்டு மூச்சிரைக்க வைத்த பிறகு எழுதுங்கள். ஓடைப் பள்ளம் புகைபோக்கிபோலத் தீயை மேலே இழுக்கும், அதன் வழியே ஏறித் தப்பிக்க நினைக்காதே என்பதை அந்தப் பள்ளத்தின் வாயில் நின்று சொல்லுங்கள். யார் காவல் பார்ப்பது, எதில் பேசுவது, தப்பும் வழி எது, போய் நிற்க வேண்டிய இடம் எது: இந்த நான்கும் தெரியாமல் ஒருவர்கூடத் தீயை அடித்து அணைக்கப் பச்சைக் குழையை ஒடித்துக்கொண்டு போகக்கூடாது. பாலியெஸ்டர் சட்டையோடு வருபவரை அன்றைக்குத் தீயருகே விடாதீர்கள். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றை உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். கிரேன் ஓட்டுபவர் ஒரே ஒரு சிக்னல்மேன் காட்டும் கையைத்தான் பார்ப்பார். பத்துப் பேர் பத்துப் பக்கம் கைகாட்டினால் லோடு யார் தலையிலாவது இறங்கிவிடும். ஆனால் 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். மூட்டை தூக்க நேற்று வந்த பையன் காட்டினாலும்தான். காட்டுத்தீயில் நாம் கட்ட வேண்டிய ஒழுங்கும் அச்சு அசலாக அதுவே. உத்தரவு ஒருவரிடமிருந்து வர வேண்டும், 'போகாதே' என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் இருக்க வேண்டும். நம் துறையில் முதல் பாதியைச் சுலபமாகச் செய்துவிடுவோம். இரண்டாவது பாதிதான் கடினம். அந்த மலையிலேயே பிறந்த வேட்டைத் தடுப்புக் காவலருக்குக் காற்று திரும்பப் போவது நமக்கு முன்னால் தெரியும். ஆனால் மேலதிகாரியான ரேஞ்சர் நிற்கும்போது அந்தக் காவலர் வாயைத் திறக்கமாட்டார். அவரை வாய் திறக்க வைப்பதைத்தான் நான் பயிற்சி என்பேன். அதனால் ஒத்திகையில் ரேஞ்சரும் வனக்கோட்ட அதிகாரியான டி.எஃப்.ஓ.வும் வரிசையில் நிற்க வேண்டும், அந்தக் காவலர் நிறுத்தச் சொல்ல இவர்கள் நிற்க வேண்டும், எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும். மேலதிகாரியிடம் இதைக் கேட்கத் தயங்காதீர்கள். மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் முதல் வேலை ஒரு பதிவேடு. டேராடூனிலிருந்து இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்த தீயைக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கும். செயற்கைக்கோளில் உள்ள ஒரு கருவி காட்டும் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 375 மீட்டர் அகலம், இன்னொன்றின் புள்ளி 1 கிலோமீட்டர். செயற்கைக்கோள் எந்நேரமும் தலைக்கு மேலே நிற்பதில்லை, கடந்துபோகும்போதுதான் பார்க்கும். அதனால் அந்த எண் உங்கள் கைக்கு வந்ததும், அது எந்த பீட் (ஒரு காவலரின் சுற்றுப்பகுதி), எந்தப் பாறைக்குக் கீழே, எந்தக் கோவிலுக்கு மேலே, பக்கத்தில் இருக்கும் காவலர் யார், அவர் போனுக்கு அங்கே சிக்னல் உண்டா என்பதெல்லாம் உடனே தெரிய வேண்டும். மலைக்காரர்கள் ஒவ்வொரு பாறைக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பெயர்களை வரைபடத்தில் ஏற்றுங்கள். மழைக்காலம் முழுக்க இதற்கே சரியாக இருக்கும்.

பல துறைகளைச் சேர்த்து வேலை வாங்குவது எவ்வளவு சிக்கல் என்பது நம் பக்கத்து ஆளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடுங்கையூர் குப்பைமேடு புகையும்போது தீயணைப்பு வண்டி, மாநகராட்சியின் பொக்லைன், தண்ணீர் லாரி, போலீஸ் என்று எல்லாரும் வருகிறார்கள். அங்கே தண்ணீர் அடித்தால் மட்டும் போதாது, உள்ளே கனல்வதைத் தோண்டி மண்போட்டு மூட வேண்டும். எங்கே முதலில் தோண்டுவது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். 1970-இல் கலிஃபோர்னியாவில் பெருந்தீக்கள் எரிந்தபோது ஒவ்வொரு துறைக்கும் ஒரு ரேடியோ, ஒரு பேச்சு, ஒரு தலைமை. அந்தக் குழப்பத்திலிருந்துதான் எல்லாரும் ஒரே அமைப்பின் கீழ் வேலை செய்யும் முறை பிறந்தது. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அதை நம் நிர்வாகத்துக்கு ஏற்றபடி மாற்றி 2010-இல் வழிகாட்டுதலாக வெளியிட்டது. அதை முழுவதும் படியுங்கள். ஒருவரின் கீழ் ஏறக்குறைய ஐந்து பேர் என்ற கணக்கை மட்டும் இந்த வருடமே அமல்படுத்திவிடுங்கள். ஒரு வனவர் முப்பது பேரைத் தீயில் மேய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன், அது நெஞ்சைப் பதறவைக்கும் காட்சி.

கோப்பு விஷயத்தில் அப்பா சொல்வது பாதி உண்மை. ஃபைல் பார்க்கத்தான் போகிறீர்கள். தீ தாண்டாதபடி புல்லை வெட்டி வெறுமையாக்கும் தீத்தடுப்புக் கோட்டுக்கான பணம் பிப்ரவரியில் வந்து என்ன பயன்? புல் அதற்குள் காய்ந்திருக்கும். பூட்ஸ், தண்ணீர்க் குடுவை, தீக்காவலர்களின் தினக்கூலி எல்லாவற்றுக்கும் அக்டோபர் மழையிலேயே கோப்பு நகர வேண்டும். போன வருடம் பயிற்சி பெற்ற தீக்காவலரையே இந்த வருடமும் எடுக்க வேண்டும் என்று குறிப்பு எழுதுங்கள். கூலி தாமதமானால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், நீங்கள் மறுபடி ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்குவீர்கள். இதற்காகக் கணக்குப் பிரிவில் தினமும் போய் நிற்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

பதவி உயர்வு பணிமூப்புப்படி வரும், இந்த இடம் அதைத் தடுக்காது. ஒரு நிபந்தனை மட்டும் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: தீக்காலத்தில் வாரம் ஒரு நாளாவது மலைக்குப் போக அனுமதி. ஒத்திகை அட்டவணை போட்டதும் எனக்கு அனுப்புங்கள். அதில் மாலை நேரத்தில் வகுப்பு எதுவும் வைக்காதீர்கள். பகலில் சரிவேறும் காற்று பொழுது சாய்ந்ததும் இறங்கத் தொடங்கும், அந்த நேரத்தில் எல்லாரும் வெளியே சரிவில் நிற்கட்டும்.

அன்புடன்.