துபாய் விசாவில் 60 நாள், 30 நாள் என்று இரண்டும் இருக்கிறதே, எத்தனை நாள் தங்கலாம்?

கீழக்கரையிலிருந்து துபாயின் தேரா பகுதியில் இருக்கும் காக்காவை (அண்ணனை) பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தங்கக்கூடியது 30 நாள்தான். அந்த 60 நாள், விசா கொடுத்த தேதியிலிருந்து நாட்டுக்குள் நுழைவதற்கான கெடு. ஐம்பதாம் நாள் போய் இறங்கினாலும் முழு 30 நாள் கிடைக்கும்.

எண்ணும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். இறங்கிய நாளே முதல் நாள். மார்ச் 5 அன்று நுழைந்தால் ஏப்ரல் 3 கடைசி. ஏப்ரல் 5 அல்ல. திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்புகிறதா என்றும் பாருங்கள். குடியேற்றக் கவுண்டரில் முத்திரை விழும் தேதிதான் கணக்கு; பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றால் அது அடுத்த நாள்.

மீறினால் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம். கட்டாமல் கிளம்ப முடியாது. "பத்து நாள் சலுகை உண்டு, சும்மா இரு மச்சான்" என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அது பழைய கதை, நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கூடுதலாகத் தங்க வேண்டுமென்றால் அந்த 30 நாள் முடியும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள்.

துபாயில் எடுத்த விசா என்றால் துபாய் குடியேற்றத் துறையின் தளத்திலேயே கடைசித் தேதியைப் பார்க்கலாம். ஏஜென்ட் வாய்க்கணக்கைவிட அது மேல்.

அப்புறம், இந்தக் கணக்கை ஐரோப்பாவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே போய்த் திரும்பி வந்தாலும் பழைய நாட்கள் கணக்கில் நிற்கும். உங்கள் விசாவில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அத்தனை நாள் மட்டும்தான் இருக்கலாம்.