பட்டறை நிறைய வண்டிகள், கையில் ரொக்கம் இல்லை

கேள்வி: மூன்று மெக்கானிக்குகளை வைத்து வாகனப் பழுதுபார்ப்புப் பட்டறை நடத்துகிறேன். வண்டிகளுக்குக் குறைவில்லை, ஆண்டுக் கணக்கும் லாபத்தையே காட்டுகிறது. ஆனால் மாதக் கடைசியில் உதிரிபாகக் கடைக்குக் கொடுக்கப் பணம் இருப்பதில்லை. தொழில் நல்ல நிலையில்தான் இருக்கிறதா? கடன் வாங்கி, வண்டியை உயர்த்தி நிறுத்தும் லிஃப்ட் இன்னொன்று போடலாமா?

பதில்: உங்களுக்கான சம்பளம் அந்தக் கணக்கில் செலவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் செய்யும் வேலைக்கு வேறொருவரை அமர்த்தினால் என்ன கொடுக்க வேண்டியிருக்குமோ, அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தொழிலின் லாபம்.

அடுத்து, கூலி வரவையும் உதிரிபாக விற்பனையையும் தனித்தனியே பிரியுங்கள். மொத்த வரவு 100 பங்கு, அதில் உதிரிபாகம் 60 என்று வைத்துக்கொண்டால், அந்த 60-இல் 48 கொள்முதலுக்கே போய்விடக்கூடும். விற்பனையைப் பெரிதாகக் காட்டுவது உதிரிபாகம். பட்டறையைத் தாங்குவது கூலி.

அந்தக் கூலி மெக்கானிக்கின் நேரத்திலிருந்து வருகிறது. மூவர், நாளுக்கு 8 மணி, மாதம் 25 நாள் என்றால் 600 மணி நேரத்துக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். பில்லில் ஏறியது 330 மணி என்றால், 55 சதவீதம்தான் விற்றிருக்கிறது. மீதி எங்கே போனது என்பதை, ஒவ்வொரு வண்டிக்கும் போடும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் எழுதினால்தான் அறிய முடியும். கிளட்ச் மாற்றிய வண்டி அதே குறையோடு திரும்பி வந்தால், அந்த அரை நாளுக்குப் பில் கிடையாது, சம்பளம் உண்டு. லிஃப்டில் ஏற வேண்டிய அடுத்த வண்டியும் வெளியே நிற்கும்.

மாதக் கடைசி நெருக்கடிக்கான விடை லாபக் கணக்கில் இல்லை. சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) இருக்கிறது. வாடிக்கையாளர்கள் பாக்கியைச் சராசரியாக 45 நாளில் தர, உதிரிபாகக் கடை 30 நாள் தவணையே கொடுத்தால், இடையிலுள்ள 15 நாளுக்கு உங்கள் கைப்பணம்தான் ஈடுகொடுக்க வேண்டும். கடனுக்குச் செய்யும் வேலை கூடக்கூட இந்தப் பள்ளமும் பெரிதாகும் என்பதால், வண்டிகள் குவியும் மாதத்தில்தான் கை அதிகமாக வறண்டுபோகும்.

ஓராண்டாக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பாகங்களும் சொத்தாகவே எழுதப்பட்டிருக்கும். உதிரிபாக இருப்பை முழுவதும் விலக்கிவிட்டு, ரொக்கத்தையும் நிச்சயமாக வரக்கூடிய பாக்கியையும் மட்டும் கூட்டி, ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன்களால் வகுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர்களிடம் வாங்கிய முன்பணத்தையும் கடனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். விடை 1-க்குக் கீழே இருந்தால் லிஃப்டுக்குக் கடன் இப்போது வேண்டாம். 1-க்கு மேலே இருந்தாலும், லிஃப்ட் எப்போது காலியாகும் என்று மெக்கானிக்குகள் காத்திருந்த மணி நேரங்கள் ஜாப் கார்டில் தெரிந்தால் மட்டுமே வாங்குங்கள்.