வாக்குக் கொடுத்தால் போதாதா, மறுபயன் எதற்கு?

“அண்ணன் 2 லட்சம் தருவதாக வாயால் சொன்னார், இப்போது மறுக்கிறார். வழக்குப் போடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 25-ஆவது பிரிவின்படி, மறுபயன் இல்லாத உடன்பாடு பொதுவாகச் செல்லாது. அவர் கேட்டு நீங்கள் ஏதாவது செய்திருந்தாலோ, செய்யாமல் விட்டிருந்தாலோ, செய்வதாக உறுதி தந்திருந்தாலோ அதுதான் மறுபயன்.

அது சம மதிப்பில் இருக்க வேண்டியதில்லை. 1,000 ரூபாய்க் குதிரையை 10 ரூபாய்க்கு விற்க மனமொப்பிச் சம்மதித்தாலும் ஒப்பந்தம்தான் என்று சட்டமே உதாரணம் தருகிறது. ஆனால் சம்மதம் உண்மையானதா என்று நீதிமன்றம் பார்க்கும்.

மறுபயனை நீங்களே தந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் சின்னையா எதிர் ராமையா வழக்கைப் பாருங்கள். தாய் மகளுக்குச் சொத்து எழுதிவைத்தார். அதற்காக, தாயின் உடன்பிறந்தவருக்கு ஆண்டுதோறும் பணம் தருவதாக மகள் எழுதிக்கொடுத்தார். அப்புறம் மறுத்தார். தாய் தந்த சொத்தே போதிய மறுபயன் என்றது நீதிமன்றம். இங்கிலாந்துச் சட்டம் இவ்வளவு தாராளம் காட்டாது. எனக்கு நம் வழிதான் நியாயமாகப் படுகிறது.

சரி, உங்கள் விஷயம். நெருங்கிய உறவினர் பாசத்தால் எழுதி, பதிவும் செய்த வாக்குறுதி மறுபயன் இல்லாமலே செல்லும். அப்படிப் பத்திரம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.