இரண்டு ஷீட் சேர்ந்து எழும்பினால்?

கேள்வி: திருமுடிவாக்கத்தில் மாடுலர் கிச்சன் யூனிட் நடத்துகிறேன். அடுக்கிலிருந்து, கம்ப்யூட்டர் சொல்படி பலகை வெட்டும் சிஎன்சி ரூட்டர் மேஜைக்கு ஷீட்டை இரண்டு பையன்கள்தான் தூக்கி வைக்கிறார்கள். தானாக எடுத்து வைக்கும் ஃபீடர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: அந்தப் பையன்களின் இடுப்பை நினைத்தாவது வாங்குங்கள். எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒன்று கிட்டத்தட்ட 40 கிலோ. நாளைக்கு 50 ஷீட் என்றால் 2 டன், அத்தனையும் கையால்.

இந்த ஃபீடர்கள் பெரும்பாலும் ஷீட்டை மேலிருந்து ரப்பர் கப்பால் உறிஞ்சித் தூக்கும். கடைக்குப் போனால் எல்லோரும் கேட்பது, "கப் எவ்வளவு எடை தூக்கும்?" என்றுதான். அது பெரிய விஷயமே இல்லை. 15 செ.மீ. விட்டமுள்ள ஒரு வேக்குவம் கப், 60 சதவீத வேக்குவத்தில், கணக்குப்படி 100 கிலோவுக்கு இழுக்கும். ஆனால் லேமினேட் ஒட்டாத எம்டிஎஃப் காற்றைக் கசியவிடும். அந்தக் கசிவை ஈடுகட்ட, காற்றை நிறைய இழுக்கும் ப்ளோயர் வேண்டும். கம்ப்ரசர் காற்றைப் பாய்ச்சி வேக்குவம் உண்டாக்கும் சின்ன எஜெக்டர் திணறிவிடும்.

இன்னொன்று, கப்பின் இழுப்பு மேல் ஷீட்டை ஊடுருவி அடியில் இருப்பதையும் பிடித்துக்கொள்ளும். அம்பத்தூரில் எங்கள் பட்டறையில் 6 மி.மீ. ஷீட் ஏற்றும்போது இப்படித்தான் இரண்டு சேர்ந்து எழும்பின. கீழே இருந்தது ஒரு நொடி தொங்கி, அப்புறம் மூலை குத்தி விழுந்தது. பக்கத்தில் நின்ற தம்பியின் கால் ஒரு சாண் தள்ளி இருந்ததால் தப்பியது. இன்றும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. அதனால் கட்டாயம் கேளுங்கள்: ஒரு மூலையை மட்டும் முதலில் தூக்கி, குலுக்கி, இடையில் காற்று புகவிட்டு, பிறகு முழுதாக எடுக்கிறதா? இரண்டு வந்தால் கண்டுபிடித்து நிறுத்தும் சென்சார் இருக்கிறதா?

பின்னாலிருந்து தள்ளிவிடும் வகை விலை குறைவு. ஆனால் இடையில் தூசி இருந்தால் லேமினேட்டில் கோடு விழும். உங்களுக்கு வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊரில் போர்டு வளையும். தட்டைக் கப் அதில் சரியாக ஒட்டாது, மடிப்பு வைத்த கப் கேளுங்கள். டெமோவுக்கு அவர்கள் வைத்திருக்கும் புது ஷீட் வேண்டாம். உங்கள் குடோனில் அடியில் கிடக்கும் வளைந்த ஷீட்டை டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

தினமும் ஏழெட்டு கலர் மாறுகிறதென்றால் முழு ஆட்டோமேட்டிக் இப்போது தேவையில்லை. அடுக்கை இடுப்பு உயரத்திலேயே வைத்திருக்கும் சிசர் லிஃப்ட் ஒன்று, ஒருவரே கையால் நகர்த்தும் வேக்குவம் லிஃப்டர் ஒன்று, இரண்டும் போதும். ஒரே வெள்ளை ஷீட்தான் நாள் முழுக்க ஓடுகிறதா? அப்போது முழு ஃபீடருக்கே போங்கள், ஆள் உள்ளே நுழையாதபடி சுற்றிலும் வேலி போட்டு.

எதை வாங்கினாலும், ஷீட் அந்தரத்தில் இருக்கும்போது மெயினை அணைக்கச் சொல்லுங்கள். கரண்ட் போனாலும் காற்று திரும்பாத வால்வு சிறிது நேரம் பிடித்திருக்க வேண்டும். யாரும் அடியில் நிற்காமல், கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். ஷீட்டைப் பத்திரமாக இறக்கி வைக்கும் அளவு நேரம் கிடைத்தால் மட்டும் அட்வான்ஸ் கொடுங்கள்.