பிரௌசரை மாற்றினால் பரிந்துரைகள் விடுமா?

கேள்வி: முழங்கால் வலிக்கு ஒரே ஒரு முறை மருந்து தேடினேன். அதிலிருந்து ஃபோனில் குரோமைத் திறந்தாலே மூட்டுவலிச் செய்திகள்தான், யூடியூபிலும் அதேதான். ஃபயர்ஃபாக்ஸுக்கோ பிரேவுக்கோ மாறினால் இது நிற்குமா?

பதில்: பாதிதான் நிற்கும். குரோமில் புது டேபைத் திறந்ததும் வரும் செய்தி வரிசைக்கு டிஸ்கவர் என்று பெயர். அதை ஒழிக்கப் பிரௌசரையே மாற்ற வேண்டியதில்லை. அந்த வரிசையின் மேலே இருக்கும் செட்டிங்ஸ் சின்னத்தைத் தொட்டால் மொத்தமாக அணைத்துவிடலாம். வேறு பிரௌசருக்குப் போனாலும் முதல் வேலையாக இதைத்தான் பாருங்கள். எட்ஜ் போன்றவையும் புது டேபில் செய்தியைக் கொட்டுகின்றன.

யூடியூப் கதை வேறு. அங்கே உங்களைத் தொடர்வது பிரௌசர் அல்ல, உங்கள் கூகுள் கணக்கு. எந்தப் பிரௌசரில் லாகின் செய்தாலும் பழைய பரிந்துரைகள் கூடவே வரும். 'ஆர்வமில்லை' பட்டனை அமுக்கி அமுக்கிப் பலரும் சலித்திருப்பார்கள். அந்தச் சலிப்பு நியாயமானதே: 2022-இல் மொஸில்லா வெளியிட்ட ஆய்வில், வேண்டாத பரிந்துரைகளில் சுமார் 11 சதவீதத்தைத்தான் அந்தப் பட்டன் தடுத்தது. 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே' என்பது 43 சதவீதம். (மொஸில்லா ஃபயர்ஃபாக்ஸின் சொந்தக்காரர் என்பதையும் மனதில் வையுங்கள்.) ஒவ்வொன்றாக விரட்டுவதைவிட, கணக்கில் வாட்ச் ஹிஸ்டரியை அழித்துவிட்டு அதை நிறுத்திவைப்பதே என் தேர்வு. 2023-இலிருந்து, அப்படிச் செய்தவர்களுக்கு முகப்புப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே வருகிறது. நல்ல பரிந்துரைகளும் சேர்ந்தே போய்விடும், சம்மதமென்றால் செய்யுங்கள்.

அப்படியானால் பிரௌசரை மாற்றி என்ன பயன்? தளம் தளமாக உங்களைப் பின்தொடரும் டிராக்கர்களுக்கும் விளம்பரங்களுக்கும் அது நல்ல மருந்து. ஆண்ட்ராய்டு ஃபோன் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஒரிஜின் என்ற, விளம்பரங்களையும் டிராக்கர்களையும் தடுக்கும் எக்ஸ்டென்ஷனைப் (பிரௌசரோடு சேர்க்கும் குட்டி நிரல்) போடலாம். ஆண்ட்ராய்டு குரோமில் அதற்கு வழியில்லை. எக்ஸ்டென்ஷன், செட்டிங்ஸ் எதையும் தொட மனமில்லாதவருக்குப் பிரேவ் வசதி, தடுப்பு அதனுள்ளேயே இருக்கிறது. ஐஃபோன்காரர்கள் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: அங்கே எந்தப் பிரௌசரை நிறுவினாலும் பெரும்பாலும் உள்ளே ஓடுவது ஐஃபோனின் சொந்தப் பிரௌசரான சஃபாரியின் வெப்கிட் என்ற இன்ஜின்தான். ஐஃபோன் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக்கைப் போடவும் முடியாது.

அடுத்த முறை உடம்புக்கு ஏதாவது தேடும்போது இன்காக்னிட்டோ டேபில், லாகின் செய்யாமல் தேடுங்கள். அந்தத் தேடல் உங்கள் கணக்கின் வரலாற்றில் ஏறாது.