சிங்கப்பூரில் வேலையிடத்தில் அடிபட்டதை மறைக்கச் சொன்னால் என்ன செய்வது?

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்கு விரல் நசுங்கிவிட்டதாகவும், "டார்மிட்டரியில் கதவு இடுக்கில் மாட்டியது என்று டாக்டரிடம் சொல், மற்றதைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று சூப்பர்வைசர் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தம்பி டாக்டரிடம் அப்படிச் சொல்லவே கூடாது.

நான் அங்கே கம்பி கட்டும் வேலையில் இருந்தவன்; இதே பேச்சை நம்பி, மணிக்கட்டில் பட்ட அடியை வழுக்கி விழுந்ததாக எழுதவைத்தேன். வலி நிற்காமல் மூன்று மாதம் கழித்து இழப்பீடு கேட்டபோது, மருத்துவரின் அந்த முதல் குறிப்பே எனக்கு எதிராக நின்றது.

2020 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி, வேலையினால் காயம் ஏற்பட்டது என்றால் போதும், தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவச் செலவு, எம்.சி. (மருத்துவர் தரும் விடுப்புச் சான்றிதழ்) நாட்களுக்கான சம்பளம், நிரந்தர ஊனம் இருந்தால் மொத்தத் தொகை ஆகியவற்றை அது தருகிறது. (வீட்டுப் பணிப்பெண்கள் இதில் சேரமாட்டார்கள் என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான்.) ஒரு நாள் எம்.சி.யோ லைட் டூட்டியோ (இலகுவான வேலை மட்டும்) கொடுக்கப்பட்டாலும், முதலாளி 10 நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்காவிட்டாலும், விபத்து நடந்த ஓராண்டுக்குள் தம்பியே நேரடியாக அமைச்சிடம் கோரலாம்.

வேலை பெர்மிட்டை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் வீண் பயமன்று. ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடன் அடையாத நிலையில் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் பெர்மிட் ரத்தானாலும் கோரிக்கை ரத்தாவதில்லை. வழக்கு முடியும்வரை தங்குவதற்கு ஸ்பெஷல் பாஸ் கிடைக்க வழியுண்டு. அதை வைத்துக்கொண்டு வழக்கமாக வேலை செய்ய முடியாது என்பதால், அந்த மாதங்கள் கடினமானவை என்பதை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. லிட்டில் இந்தியாவில், இப்படிக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்காகவே தொண்டு அமைப்பொன்று இலவசச் சாப்பாடு ஏற்பாடு செய்து வருகிறது.

காயத்தையும் அடிபட்ட இடத்தையும் இன்றே படமெடுத்து, அருகில் நின்றவர்களின் பெயர்களையும் எம்.சி.யின் படத்தையும் உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே கதவுக் கதையைச் சொல்லியிருந்தால், அதே மருத்துவரிடம் திரும்பிப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லி அதைக் குறிப்பில் எழுதச் சொல்லட்டும்.